நம் நிழல் வாசலுக்கு ஏற்ற செடி

என்னோடு கூடப் பிறந்த அம்மிணிக்கு, என் பாவாயிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன். நம்புவாயா? இந்த நாலு வரி எழுதுவதற்குள் காபி ஆறிப் போய்விட்டது. இருந்தாலும் எழுதி முடித்துவிட்டுத்தான் குடித்தேன்.

நீ கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் நம் தெருவுக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு. எழுபத்திரண்டு வயதில் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ‘அ’ போட்டேன். நாற்பது வருடம் லாரிப் பட்டறையில் பலகை அறுத்து ஆணி அடித்த கை. பென்சிலையும் உளியைப் பிடிப்பது போலவே பிடித்தது. மூன்று பென்சில் முனை ஒடிந்தது. என் பெயரை நானே எழுதிய அன்று, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் மொபெட்டில் வந்த ஒருவன் கண்டபடி திட்டினான். அதுகூட இனிப்பாக இருந்தது.

இப்போது பஸ் பலகை படிக்கிறேன். கடைப் பெயர் படிக்கிறேன். என் மருமகள் கவிதா சமைக்கும்போது பக்கத்தில் நின்று டப்பாக்களின் மேல் ஒட்டியிருப்பதை உரக்கப் படிக்கிறேன். “அது உப்புன்னு எனக்குத் தெரியுமுங்க மாமா” என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள். நான் அடுத்த டப்பாவுக்குப் போவேன்.

சரி, சொல்ல வந்தது அது இல்லை. நம் வாசலைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும்.

நம் வாசல் உனக்குத் தெரியாததா? வடக்குப் பார்த்தது. எதிரில் சின்னச் சந்து. அதைத் தாண்டினால் கோழித்தீவனக் குடோனின் சுவர், மூன்று ஆள் உயரம். அந்தச் சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. நடுப்பகலிலும் நம் படியில் நிழல்தான். வெயிலில் அலைந்து வருகிறவர்கள் “உங்க ஊட்டு வாசல்ல ஏசி போட்டாப்ல இருக்குதுங்க” என்பார்கள்.

வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போன உன் வீட்டுக்காரர் திரும்பி வராமல் போன பிறகு, ஈஸ்வரியை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தாய். வந்த மாதமே ஒரு துளசி வாங்கி வைத்தாய். அது செத்தது. இன்னொன்று வைத்தாய். அதுவும் செத்தது. பிறகு ரோஜா, செம்பருத்தி, சாமந்தி. ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே போவாய். அடுத்த சந்தைக்குப் போகும்போது மறுபடியும் ஒரு செடியோடு வருவாய்.

தெருவில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாவாயிக்குக் கைராசி இல்லை. அவள் கை பட்டால் துளிர்க்காது. பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் நடவுக்கு மற்றப் பெண்களை எல்லாம் கூப்பிட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. நீ கேட்கவும் இல்லை.

தெரு சொன்னதைத் தெருவோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

என் மகள் கல்யாணத்துக்கு முளைப்பாலிகை போட்ட அன்று நடந்ததை இங்கே எழுதியே தீர வேண்டும். மண் கலயங்களில் நவதானியம் விதைக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நீயும் குளித்துவிட்டுப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாய். உன் கழுத்தில் தாலி இருந்தது. உன்னை ஒதுக்கி வைக்க ஊரார் கையில் வேறு காரணம் எதுவும் இல்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “நீ வேண்டாம் அம்மிணி. உனக்குக் கைராசி இல்ல. தள்ளி நில்லு” என்றேன்.

“சரிங்கண்ணா” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பந்திக்கு இலை போடும் இடத்துக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு இந்த வாசலில் நீ எதையும் நட்டு நான் பார்க்கவில்லை. அன்று உனக்கு எப்படி இருந்தது அம்மிணி? அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் சோறு தின்றோம். ஒரு நாளாவது நான் கேட்டிருக்கலாம் அல்லவா?

நீ போனதும் அந்தச் சொல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஈஸ்வரியிடம் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். தையல் கடை நன்றாக ஓடுகிறது. பாதித் தெரு அவள் தைத்த ரவிக்கைதான் போடுகிறது. ஆனால் எங்காவது விதைப்பது, நடுவது என்றால் “அவளுக்கும் அவங்கம்மா கைதான்” என்று நகர்ந்துகொள்கிறார்கள்.

இந்தத் தையில் கவிதாவின் பெண், நம் திவ்யாவுக்குக் கல்யாணம். ஆமாம், உன் மடியில் தூங்கின திவ்யாவுக்குத்தான். ஆனி மாதமே பேசி முடித்தாயிற்று. வீட்டுக்கு வெள்ளை அடித்ததும், வாசலில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் செடி வாங்கி வைக்கலாம் என்றாள் கவிதா. இந்த வாசலில் உயிருள்ளது எதுவும் நிற்காது என்பது அவள் எண்ணம். நான் முடியாது என்றேன். வைத்தால் உயிர்ச் செடிதான் வைக்க வேண்டும். கல்யாணத்துக்காக நாலு நாள் நிற்கிற செடி வேண்டாம், நான் போன பிறகும் நிற்கிற செடி வேண்டும் என்றேன். “அப்ப நீங்களே போயிப் பாருங்க மாமா” என்றாள். ஆடி மாதம், மோகனூர் ரோட்டில் உள்ள நர்சரிக்குப் போனேன்.

உள்ளே இரண்டு பலகை நட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்று ‘வெயில் செடிகள்’. இன்னொன்று ‘நிழல் செடிகள்’. வெயில் பக்கம் ஒவ்வொரு தொட்டியிலும் பெயர் எழுதிக் குச்சி குத்தியிருந்தது. குனிந்து குனிந்து படித்துக்கொண்டே போனேன். துளசி. ரோஜா. செம்பருத்தி. சாமந்தி. அம்மிணி, நீ வைத்துச் செத்தது எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக நின்றது.

நர்சரிக்காரர் நடுத்தர வயசு ஆள். வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டு வாசலுக்குச் செடி என்றேன். எந்தப் பக்கம் பார்த்த வாசல், வெயில் எவ்வளவு நேரம் விழும் என்று விசாரித்தார். வடக்கு வாசல், எதிரில் குடோன் சுவர், வைகாசி ஆனியில் மட்டும் உச்சி வெயில் கொஞ்ச நேரம் படியில் விழும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, வேண்டும் என்றே துளசி கேட்டேன்.

“அந்த எடத்துல துளசி வெக்காதீங்க. செத்துப்போகும்.”

“யாரு வெச்சா சாகுமுங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதென்னங்க கேள்வி? யாரு வெச்சாலும் சாகும். அந்த மகாலட்சுமியே எறங்கி வந்து வெச்சாலும் அங்க நிக்காதுங்க.”

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லை. வைகாசியில் உன் துளசி துளிர் விடும். எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாய். புரட்டாசிக்குள் இலை கொட்டிவிடும். மாதம் சரியில்லை என்பாய், கண்பட்டுவிட்டது என்பாய். வெயில் வந்தபோது துளிர்த்தது, வெயில் போனதும் செத்தது. இவ்வளவுதானே? நாற்பது வருடத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஒரு பலகையைப் படிக்கத் தெரிந்தவனாக இருந்திருக்கக் கூடாதா?

எழுந்தேன். நிழல் செடிகள் பக்கம் போனேன். நிழலிலேயே பிறந்து நிழலிலேயே காலம் தள்ளுகிற செடிகள் இத்தனையா என்று ஆகிவிட்டது. ஆற அமர எல்லாவற்றையும் பார்த்தேன். வாசலுக்குப் பூ வேண்டாம், இலையே அழகாக இருந்தால் போதும் என்று நர்சரிக்காரர் சொன்னார். வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றால் வேர் பரவ அகலமான தொட்டி வேண்டும், அடியில் நல்ல ஓட்டை வேண்டும் என்றார்.

வாள் போல நிமிர்ந்து நிற்கிற மருள் ஒன்று எடுத்தேன். கவிதாவுக்காகச் சிவப்பு இலை போட்ட ஒன்று. அதன் பெயரைப் படிக்க எனக்கு வெகு நேரம் ஆனது. அக்-லோ-னி-மா. மூன்றாவதாக என்ன வைப்பது என்று நின்றபோது, எனக்கே ஒரு யோசனை வந்தது. பட்டறை லாரியில் மோகனூர்ப் பக்கம் போகும்போது கொடிக்காலுக்குள் போயிருக்கிறேன். வெளியே நெருப்பாகக் காயும். உள்ளே அகத்தி மர நிழலில் குளுகுளுவென்று இருக்கும். அந்த நிழலில்தானே வெற்றிலைக் கொடி ஏறுகிறது? கேட்டேன். “அட, நல்லா நிக்குமுங்க. எனக்கே தோணல பாருங்க” என்றார். எனக்கு ஒரு முழம் உயரம் கூடிப்போனது.

வீட்டில் மருளைப் பார்த்ததும் கவிதா ஆரம்பித்தாள். “ஏனுங்க மாமா, இது பாம்புச் செடியல்லங்க? வாசல்ல பாம்பா?” இதன் பெயர் பாம்பு இல்லை, மருள் என்று குச்சியைப் படித்துக் காட்டினேன். “மருளா? கல்யாண ஊட்டு வாசல்ல மருள் வந்து ஆடறதுக்கு அந்தப் பாம்பே தேவலைங்க” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சிவப்பு இலையைக் காட்டியதும் சமாதானம் ஆனாள்.

வெற்றிலைக்கு நானே பெட்டி செய்தேன். பழைய லாரித் தளத்துப் பலகை. அடியில் தண்ணீர் வடியச் சந்து விட்டேன். லாரித் தளத்துக்கும் அப்படித்தான் விடுவோம். பிறகு ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். மூன்றையும் நீதான் நட வேண்டும் என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீங்களே வெய்யுங்க மாமா. செத்துப்போச்சுன்னா உங்க பேரு கெடட்டும். எனக்குப் பழகிப்போச்சு.”

“சாகாது. நான் படிச்சுட்டு வந்திருக்கறன்” என்றேன். கையை முன்னால் எடுத்தாள். அப்புறம் உட்கார்ந்து நட்டாள். மண்ணை அழுத்தும்போது கட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். உன்னைப் போலவே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெற்றிலைக் கொடி பக்கத்தில் செருப்போடு போகக் கூடாது என்பதால் இப்போது எல்லாரும் சந்து முனையிலேயே செருப்பைக் கழற்றுகிறார்கள். பால்காரர் மட்டும் முணுமுணுக்கிறார்.

ஐப்பசி வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. வெற்றிலை ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. அக்லோனிமா அகலமாகிவிட்டது. திடீரென்று ஒரு நாள் மருள் சாய்ந்தது. தொட்டதும் கையோடு வந்தது. அடியில் கூழாக அழுகியிருந்தது.

கவிதா அதை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் செடியோடு வந்தாள். அந்த இடத்தில் வைத்தாள். முளைப்பாலிகைக்கு ஈஸ்வரியையும் கூப்பிட வேண்டும் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இப்போது கவிதா அதற்குப் பதில் சொன்னாள்.

“எனக்கு ஒரே பொண்ணுங்க மாமா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, அன்னைக்கே தெரியுமேன்னு சனம் பேசும். ஈஸ்வரி அக்கா எனக்கு ஆகாதவங்களா, சொல்லுங்க? மத்த எல்லாத்துக்கும் முன்னால நிக்கட்டும். விதைக்கறதுக்கு மட்டும் வேண்டாமுங்க.”

நான் உன்னிடம் சொன்னதைத்தான் அவள் என்னிடம் சொன்னாள். என்னைவிட மரியாதையாகச் சொன்னாள்.

மருள் தொட்டியைக் கழுவ எடுத்துப் போனேன். நர்சரிக்காரர் அதன் மேல் ஒட்டிக் கொடுத்த தாள் இன்னும் இருந்தது. முதல் நாளே அதைப் படித்திருந்தேன். ‘அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும்.’ தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். மழை நாளிலும் ஊற்றினேன். இப்போது வேறு வேலை இல்லாததால் மறுபடியும் எழுத்து எழுத்தாகப் படித்தேன். வேண்-டா-ம்.

வேண்டாம் என்று எழுதியிருந்தது அம்மிணி.

என் வகுப்புப் புத்தகத்தில் எல்லாப் பாடமும் ‘வேண்டும்’ என்றுதான் முடியும். கை கழுவ வேண்டும். மரம் வளர்க்க வேண்டும். உண்மை பேச வேண்டும். ‘வேண்’ என்று பார்த்ததும் மிச்சத்தை நானே முடித்துவிட்டேன். எழுத்துக் கூட்டாமல் வேகமாகப் படித்த முதல் சொல் அது. அதற்காக அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

இதை யாரும் பார்க்கவில்லை. தாளைக் கிழித்துச் சாக்கடையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அக்கம் பக்கத்தில் எல்லாரும் இந்த வயதில் படித்தவர் என்று என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாளை மெதுவாகப் பிரித்து எடுத்தேன். பிறகு நேராகச் சமையல் கட்டுக்குப் போனேன். இதைப் படி சாமி என்று கவிதாவிடம் நீட்டினேன். படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“தெனமும் ஊத்துனீங்களே மாமா.”

“ஆமா சாமி. வேண்டும்னு படிச்சுப்புட்டன். ஈஸ்வரி கை ஒண்ணும் பண்ணல. அவ நட்டுட்டுப் போனா, நான் கொன்னுட்டேன்.”

அவள் அடுப்பைத் தணித்தாள். உன்னைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். நர்சரிப் பலகையைச் சொன்னேன். துளசியைச் சொன்னேன். நான் சொன்ன அந்தச் சொல்லையும் சொன்னேன். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. தெரு சொன்னது அவளுக்குத் தெரியும், நான் சொன்னது தெரியாது. பாவாயி அத்தை தானாகவே செடி வைப்பதை விட்டுவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள்.

ஈஸ்வரியிடமும் போய்ச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். “எழுவது வருசம் படிக்காம இருந்தீங்க, உங்க கையால ஒரு செடி சாகல. படிச்சீங்க, கொன்னுட்டீங்க” என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று நினைக்கிறேன். அவளே வந்து பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு அங்கே புது மருள் நட்டாள். அது இரண்டு குருத்து விட்டிருக்கிறது. இப்போது அதற்குப் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர்.

முந்தாநாள் முளைப்பாலிகை விதைக்கிற பெண்களின் பட்டியல் எழுத வேண்டும் என்றாள் கவிதா. நான் எழுதுகிறேன் என்றேன். தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முதல் பெயரை எழுதி அவள் பக்கம் திருப்பினேன். ஈஸ்வரி. அவள் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த பேனாவை வாங்கினாள். அடித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வரி என்பதற்கு நான் ‘வறி’ என்று போட்டிருந்தேன். அதை மட்டும் திருத்தினாள். “அடுத்த பேரு எழுதுங்க மாமா” என்றாள்.

தை பிறந்ததும் வருகிற புதன்கிழமை விதைப்பு. சனம் எல்லாம் வரும். அன்று உன்னைத் தள்ளி நிற்கச் சொன்னபோது பார்த்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வருவார்கள். நம் வாசலில், அந்த மூன்று செடிகளுக்கு நடுவில் நின்று இந்தக் கடிதத்தை நானே படிக்கப் போகிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நேரம் ஆகும். முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, காத்திருக்கட்டும். படித்து முடித்ததும் ஈஸ்வரியை முதல் ஆளாகக் கூப்பிடுவேன்.

முளைத்தால் சந்தோஷம். ஒரு கலயம் முளைக்காமலே போனாலும் போகட்டும். விதை பழசா என்று பார்ப்பேன், தண்ணீர் கூடிப்போச்சா என்று பார்ப்பேன், அது நான் ஊற்றினதா என்றும் கேட்பேன். நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டில் யாரும் கைராசி என்று யாருடைய கையையும் திருப்பிப் பார்க்க விடமாட்டேன். இது உனக்கு நான் எழுதிக் கொடுக்கிற வாக்கு.

அன்று உன்னைத் தள்ளி நிற்கச் சொன்ன, இன்று உன் மகளைக் கூப்பிட வாசலில் நிற்கிற,

உன் அண்ணன்